தழுவுவதா, அடக்குவதா? ஜல்லிக்கட்டுச் சொற்களின் கதை

கால்பந்து பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினருக்குப் புள்ளிப் பட்டியல் மனப்பாடம். எந்த வீரர் எந்த கிளப்புக்கு எத்தனை கோடிக்குப் போனார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இரண்டாம் வகையினருக்கு ஆஃப்சைடு விதியே முழுசாகப் புரிந்திருக்காது. ஆனால் கூட்டம் பாடும் பாட்டு, கழுத்தில் சுற்றும் துண்டு, வர்ணனையாளரின் கத்தல், ஆட்டத்துக்கென்றே உள்ள விநோதமான சொற்கள்... இதெல்லாம் அவர்களுக்கு உயிர்!

'சாக்கர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் தொடங்கி விதிகள் வகுத்தபோது, அந்த விதிப்படி ஆடிய ஆட்டத்துக்கு 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்று பெயர் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கு எந்தச் சொல்லையும் வெட்டி, வாலில் ஒரு 'அர்' ஒட்டிப் பேசும் பழக்கம் இருந்தது. ரக்பி 'ரக்கர்' ஆனது. அசோசியேஷன் 'சாக்கர்' ஆனது. கல்லூரிப் பையன்களின் குறும்பு ஒரு விளையாட்டுக்குப் பெயராகிவிட்டது! இன்று அதை அமெரிக்கச் சொல் என்று கேலி செய்பவர்களும் இங்கிலாந்துக்காரர்கள்தான். நம் மொழியிலும் தமிழ்நாட்டில் 'கால்பந்து', ஈழத்தில் 'உதைபந்தாட்டம்'. ஒன்று காலைச் சொல்கிறது, மற்றது உதையைச் சொல்கிறது.

இந்த இரண்டாம் வகை ரசிகர்கள் மதுரையிலும் ஏராளம். ஆனால் அவர்களுடைய சீசன் தை மாதம். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மாடு வளர்க்காதவர்கள், மாட்டைத் தொட்டும் பார்க்காதவர்கள், காலையிலேயே கரும்பைக் கடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள். விதிமுறை கேட்டால் முழிப்பார்கள். ஆனால் மைக்கில் "மாடு பிடிமாடு!" என்று குரல் வந்ததும் வீட்டுக்குள்ளிருந்து எல்லோரும் ஓடி வருகிறார்கள்.

ஜல்லிக்கட்டுக்கு ஆதரவாகவும் எதிராகவும் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த விளையாட்டின் சொற்களை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் வரை போன சண்டையில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கும் பங்கு இருந்தது.

முதலில் பெயர். சல்லி என்பது பழைய காலத்துச் சிறு காசு. "சல்லிக்காசு பெறாது", "கையில் சல்லிக்காசு இல்லை" என்று இன்றும் சொல்கிறோமே, அதே சல்லிதான். அந்தக் காசுகளைத் துணியில் முடிந்து மாட்டின் கொம்பில் கட்டிவிடுவார்கள். மாட்டை அணைந்து முடிச்சை அவிழ்ப்பவனுக்குக் காசு சொந்தம். ஆகவே சல்லிக்கட்டு. அது எழுத்தில் ஜல்லிக்கட்டாகி அதுவே நிலைத்துவிட்டது. (பி.காம். பாஷையில் சொன்னால், லாபத்தை ரிஸ்க்கின் உச்சியிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள்!) இப்போது கொம்பில் காசு கிடையாது. பரிசு மேடையில் அண்டா, சைக்கிள், பீரோ, கட்டில், தங்கக் காசு, சிறந்த வீரருக்குக் கார். காசு போய்விட்டது, பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு உலகத்தில் ஒரு அண்ணன் தம்பி உண்டு. தென் பிரான்சின் கமார்க் பகுதியில் காளையின் கொம்புகளுக்கிடையே சிறு ரிப்பன், குஞ்சம் எல்லாம் கட்டி விடுவார்கள். வெள்ளை உடை போட்ட வீரர்கள் ஓடி ஓடி அதைப் பறிக்க வேண்டும். பறித்தால் பணம். மாட்டைக் கொல்வதில்லை. அங்கே பெயர் பெற்ற காளைகளுக்கு மனிதர்களைவிட மதிப்பு அதிகம். கேட்டால் அலங்காநல்லூர்க்காரர் "நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்பார்.

அடுத்து வாடிவாசல். மாடுகள் ஒவ்வொன்றாக வெளிவரும் அந்தக் குறுகிய வாசலுக்குத்தான் அந்தப் பெயர். வாடி என்றால் அடைப்பிடம். மரம் அடுக்கி விற்கும் இடத்தை மரவாடி என்கிறோமே, அந்த வாடி. கடற்கரையில் மீனவர்கள் தங்கும் கொட்டகையும் வாடிதான். இந்தச் சொல்லை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோனவர் சி.சு. செல்லப்பா. 'எழுத்து' பத்திரிகையை அவர் தொடங்கிய அதே 1959-ல் 'வாடிவாசல்' குறுநாவலும் வந்தது. வத்தலக்குண்டு வட்டாரத்தில் வளர்ந்தவர், அதனால் பேச்சு மொழி அப்படியே இருக்கிறது. தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரி என்ற காளையை எதிர்கொள்ள வரும் பிச்சி, கூட வரும் மருதன், வாடிவாசல் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தின் சூட்சுமங்களைப் பேசும் கிழவர், மேடையில் ஜமீன்தார்... கதை ஒரு சாயங்காலத்திலேயே முடிந்துவிடுகிறது. அதில் மாடு பிடிப்பதற்குத் திரும்பத் திரும்ப வரும் சொல் 'மாடு அணைவது'.

இந்த 'அணைவது' சாதாரணச் சொல் இல்லை. மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்றும் இருக்கிறது. குழந்தையை அணைக்கிறோம், நண்பனை அணைக்கிறோம், அதே வினையை மாட்டுக்கும் வைத்திருக்கிறார்கள்! கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது. திமிலை மட்டும் இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, மாடு மூன்று துள்ளு துள்ளும் வரையோ எல்லைக் கோட்டைத் தாண்டும் வரையோ விடாமல் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். யோசித்துப் பார்த்தால் இதற்கு 'அணைவது' என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது.

இனி இலக்கியம். கலித்தொகையில் முல்லைக்கலி என்ற பகுதி இருக்கிறது. பதினேழு பாடல்கள், பாடியவர் சோழன் நல்லுருத்திரன். முதல் ஏழு பாடல்களில் காளைகளும் ஆயர் இளைஞர்களும்தான். பறை முழங்குகிறது, புழுதி பறக்கிறது, பெண்கள் பரண்மேல் நின்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு காளைக்கும் நிறமும் புள்ளியும் சொல்லி வர்ணனை நடக்கிறது. இன்றைய மைக் வர்ணனைக்கு அதுதான் பாட்டன்! கூடவே குடல் சரிந்து விழும் காட்சிகளும் உண்டு. புலவர் எதையும் மறைக்கவில்லை. கொம்புக்குப் பயந்தவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்ற கருத்தும் அங்கேதான் வருகிறது. அதாவது மாட்டைத் தழுவத் தெரிந்தவனைத்தான் பெண்ணும் தழுவுவாள். இரண்டுக்கும் ஒரே செயல்! அதனால்தான் ஏறு தழுவுதல்.

மதுரைக்கு இன்னும் நெருக்கமான சாட்சி சிலப்பதிகாரம். கோவலன் மதுரைக்குள் சிலம்பு விற்கப் போனபோது, கண்ணகி நகருக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி வீட்டில் இருக்கிறாள். கெட்ட சகுனங்கள் தோன்ற, ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள். அந்தக் குரவைக்கு முன்னால் ஏழு பெண்களும் அவர்கள் வளர்த்த ஏழு காளைகளும் வருகின்றன. இந்தக் காளையை எவன் வெல்கிறானோ அவனுக்கு இந்தப் பெண் என்று வரிசையாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கு மதுரை விரிந்து விரிந்து அவனியாபுரத்தையே விழுங்கிவிட்டது. அந்த ஆயர்பாடி எங்கே இருந்தது என்று தேடினால் இப்போது ஏதாவது நகர்ப் பேருந்து நிறுத்தம்தான் இருக்கும்.

சிந்துவெளி முத்திரை ஒன்றில் காளை மனிதர்களைத் தூக்கி எறியும் காட்சி இருக்கிறது, அதுவும் ஜல்லிக்கட்டுதான் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் முத்திரை பேசாது, சொல் பேசும். முல்லைக்கலியே போதுமான பழமைதான். இன்னும் இழுத்துக்கொண்டு போக அவசியமில்லை.

பேசும் கல் வேண்டுமென்றால் சேலம் பகுதியில் கிடைத்த நடுகல் இருக்கிறது. மாட்டோடு மோதி இறந்த ஒருவனுக்காக அவன் மகன் எடுத்த கல். அவன் எப்படி இறந்தான் என்பதற்குக் கல்லில் உள்ள சொற்கள் 'எருது விளையாடி'. போரிட்டு என்று இல்லை, அடக்கி என்றும் இல்லை. அப்பன் செத்துப்போன துக்கத்திலும் மகன் அதை விளையாட்டு என்றே வெட்டி வைத்திருக்கிறான். இன்று வாடிவாசலை விட்டு ஓடாமல், திரும்பித் திரும்பி வந்து யாரையும் கிட்ட விடாத காளையை "நின்னு விளையாடுற மாடு" என்கிறார்கள். அதே வினை. இந்த முறை விளையாடுவது மாடு!

வெளிநாட்டு ஆட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஸ்பெயினில் காளையின் முன் நிற்பவனுக்கு மாட்டடோர் என்று பெயர். ஸ்பானிய மொழியில் அதற்குக் 'கொல்பவன்' என்று அர்த்தம். போர்ச்சுகலில் எட்டுப் பேர் வரிசையாக நின்று வெறுங்கையால் காளையைப் பிடிக்கும் ஆட்டம் உண்டு, அதன் பெயருக்கு 'பிடி' என்றுதான் பொருள். ஆக கொல்வது, பிடிப்பது, தழுவுவது. பெயரிலேயே ஆட்டத்தின் குணம் இருக்கிறது. நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளோ ஒன்று 'காளைச் சண்டை' என்று எழுதுகின்றன, இல்லாவிட்டால் 'காளையை அடக்குதல்' என்று எழுதுகின்றன. அதைப் படித்துப் படித்துத் தமிழ் சேனல்களும் "சீறிப் பாய்ந்த காளைகள், அடக்கிய வீரர்கள்" என்றே தலைப்புப் போடுகின்றன. 'அடக்கு' என்ற சொல் எப்போதிலிருந்து புழங்குகிறதோ, ஆனால் அது ஆட்டத்தின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 2006 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த ஒரு வழக்கில்தான் ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை விழுந்தது. பிறகு மேல்முறையீடு, நிபந்தனைகள், 2009-ல் தமிழக அரசின் ஒழுங்குமுறைச் சட்டம். 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு முழுத் தடை விதித்தது. வாலை முறுக்குவது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருள்களைப் போடுவது என்று விலங்கு நல வாரியம் கொடுத்த அறிக்கைகள் அந்தத் தீர்ப்பில் விரிவாகவே இருக்கின்றன. அவற்றை "சும்மா சொல்கிறார்கள்" என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு இடம் இருக்கிறது. ஏறு தழுவுதல் என்ற தமிழ்ச் சொல்லை நீதிபதிகள் எடுத்துக்கொண்டு, தமிழ் மரபில் அது காளையைத் தழுவுவதுதான், அடக்கி வீரத்தைக் காட்டுவது அல்ல என்கிறார்கள். சல்லிக்காசு, மஞ்சுவிரட்டு, வடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லி, இப்போது நடப்பது அந்தப் பழைய மரபு அல்ல என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே சொல், அவர்களுக்கு எதிராகவே திரும்பிவிட்டது!

அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 'தழுவுதல்' என்று வாயால் சொல்லிவிட்டுக் கையால் வாலை முறுக்கினால், கேள்வி வரத்தான் செய்யும். மறுபாதி சரியில்லை. 'அணைவது' என்ற பேச்சுச் சொல் ஊரில் உயிரோடு இருக்கும்போது, அந்த மரபு ஏட்டில் மட்டும்தான் இருந்தது என்று எப்படிச் சொல்வது? கலித்தொகையை சி.வை. தாமோதரம்பிள்ளை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தது 1887-ல். அலங்காநல்லூர்க்காரர் அதைப் படித்துவிட்டா 'அணைவது' என்று பேசக் கற்றுக்கொண்டார்?

2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு புதிய அறிவிக்கை போட்டது, ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2017 ஜனவரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அலங்காநல்லூரில் தொடங்கி, சென்னை மெரினா, மதுரை தமுக்கம் என்று பரவியது. வாடிவாசலையும் வீட்டுவாசலையும் எதுகையாக்கி மாணவர்கள் கோஷம் போட்டார்கள். அவர்களில் பலர் வாடிவாசலை டிவியில் மட்டுமே பார்த்த இரண்டாம் வகை ரசிகர்கள். அவசரச் சட்டம் வந்த மறுநாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் போட்டியைத் தொடங்கி வைக்க மதுரைக்கே வந்தும், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று அலங்காநல்லூர் மக்கள் வாடிவாசலைத் திறக்க விடவில்லை. ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 5 அவனியாபுரம், 9 பாலமேடு, 10 அலங்காநல்லூர் என்று அந்த வருடம் மட்டும் பொங்கல் தாமதமாக வந்தது.

அந்தச் சட்டத்திலும் சொற்கள் ஒரு வேலை செய்தன. 'ஜல்லிக்கட்டு' என்பதற்கு விளக்கம் எழுதும்போது மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றும் அதில் அடங்கும் என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் இவை தனித்தனி ஆட்டங்கள். மஞ்சுவிரட்டில் வாடிவாசல் முக்கியமில்லை. சிராவயல் போன்ற சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் திறந்த பொட்டலில் மாட்டை அவிழ்த்து விடுவார்கள். வடமாட்டில் காளையை நீண்ட வடத்தில் கட்டியிருப்பார்கள். ஒரு குழு வட்டத்துக்குள் இறங்கிக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பிடிக்க வேண்டும். எருது விடுவது வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம், அங்கே ஓட்டம்தான் போட்டி. சாக்கரையும் ரக்கரையும் ஒரே பெயரில் அடைத்தது போலத்தான் இது! சட்டத்தின் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் சிராவயல்காரரிடம் போய் "உங்கள் ஊர் ஜல்லிக்கட்டு" என்று சொன்னால் இன்றும் முகம் சுளிப்பார்.

2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இந்தச் சட்டத்தைச் செல்லும் என்றது. ஒரு விளையாட்டு ஒரு மக்களின் பண்பாட்டில் சேர்ந்ததா இல்லையா என்பதை சட்டமன்றம் தீர்மானித்திருக்கும்போது நீதிமன்றம் அதில் தலையிடாது என்பது அதன் நிலை. தழுவுதலா அடக்குதலா என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

களத்திலோ அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் பதில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாட்டுக்கும் ஆளுக்கும் மருத்துவப் பரிசோதனை, எண் போட்ட பனியன், தரையில் தென்னை நார், ரவுண்டு ரவுண்டாக ஆட்டம், ஆன்லைனில் டோக்கன். ஒரு தலைமுறைக்கு முன் 'டோக்கன்' என்றால் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும்தான், இப்போது அது ஜல்லிக்கட்டுச் சொல்லாகிவிட்டது. "டோக்கன் கிடைச்சுச்சா?" என்பதுதான் மார்கழி முடியும்போது மாட்டுக்காரர்களின் குசல விசாரிப்பு. ஒரு மாட்டை இருவர் சேர்ந்து பிடித்தால் மைக்கிலிருந்து உடனே கண்டிப்பு வரும், பரிசும் கிடையாது. இவ்வளவுக்குப் பிறகும் காயங்களும் சாவுகளும் நிற்கவில்லை. அதிலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தடுப்புக்கு வெளியே, மாடுகளைத் திரும்பப் பிடிக்கும் இடத்தில் குத்துப்படுகிறார்கள். அணைய வந்தவனுக்காவது கொம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

மாறாத வழக்கம் ஒன்று உண்டு. எந்த ஊரானாலும் வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். நூற்றுக்கணக்கான வீரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுவார்கள். காரியோ செவலையோ மயிலையோ, அது நிதானமாக நடந்து போகும். அதற்குப் பிறகுதான் ஆட்டம். புள்ளி கிடையாது, பரிசு கிடையாது, ஆனால் அன்று முழுவதும் நடக்கும் ஆட்டத்தில் அதிகம் மதிக்கப்படும் மாடு அதுதான். யாராலும் அணையப்படாத மாடு.

2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் அரசு கட்டிய பெரிய அரங்கத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். கேலரி, அருங்காட்சியகம், கால்நடை மருந்தகம் எல்லாம் உண்டு. பெயர்ப் பலகையில் 'ஜல்லிக்கட்டு' என்று இல்லை. 'கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம்' என்று இருக்கிறது. முல்லைக்கலியின் சொல் கான்கிரீட்டில் ஏறிவிட்டது. அதைத் தேடி வாடிப்பட்டி சாலையில் வரும் வெளியூர்க்காரர்கள் வழி கேட்கும்போது மட்டும் "ஜல்லிக்கட்டு ஸ்டேடியம் எங்கண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள்.